17 ÷ 5 = 3 மீதி 2, 3 2/5, 3.4: மூணுமே சரின்னா மீதி எது?

#1 அண்ணாநகர்_அப்பா

நாலாம் வகுப்புல 17 ÷ 5-க்கு "ஈவு 3, மீதி 2"ன்னு எழுதினா முழு மார்க். அஞ்சாம் வகுப்புல அதே 17/5-க்கு 3 2/5ன்னு எழுதணும். கால்குலேட்டர்ல தட்டினா 3.4. "அப்போ மீதி ரெண்டா, அஞ்சுல ரெண்டா, நாலா?"ன்னு பிள்ளை கேட்டா என்ன சொல்றது?

இன்னொண்ணு. தகா பின்னத்தை (17/5 மாதிரி மேல பெரிய எண்) கலப்பு பின்னமா (3 2/5 மாதிரி) மாத்த "மேல இருக்கறதைக் கீழ இருக்கறதால வகு"ன்னு மனப்பாடமா வருது. எதுக்கு வகுக்கறோம்னு கேட்டா முழிக்கறாங்க. 26/8 = 3 1/4ன்னு சரியா எழுதிட்டு, பக்கத்துல "மீதி 1"னு போட்டா அந்த வரி மட்டும் தப்பாம். ஏன் தப்பு? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா எழுதுங்க.

#2 கரும்பலகை

பொறுமையாகவே எழுதுகிறேன். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஏழாம் வகுப்பு வரை துரத்தும்.

17 கடலை மிட்டாயை 5 பேருக்குப் பங்கு போடுங்கள். ஆளுக்கு 3 போனது போக, கையில் 2 மிட்டாய் நிற்கிறது. இந்த 2 என்பது முழு மிட்டாய்களின் எண்ணிக்கை. யாருக்கும் போய்ச் சேராதது. அதுதான் மீதி.

இப்போது "மிச்சம் வைக்காதே, உடைத்துக் கொடு" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு மிட்டாயையும் ஐந்தாக உடைத்தால் மொத்தம் 10 துண்டு, ஆளுக்கு 2 துண்டு. ஒரு துண்டு 1/5 மிட்டாய். ஆக ஒருவருக்குக் கிடைத்தது 3 2/5. கையில் ஒன்றும் இல்லை, மீதி தீர்ந்தது. எனவே 2/5 மீதி அல்ல. மீதியிலிருந்து ஒருவருக்குப் போன பங்கு. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான்: மீதி 2, அதிலிருந்து ஆளுக்கு 2/5 மிட்டாய்.

3.4-இல் உள்ள 4 பத்தில் நான்கு. 4/10-ஐச் சுருக்கினால் 2/5, வேறொன்றும் இல்லை. கால்குலேட்டர் விடையிலிருந்து மீதியை மீட்க வேண்டுமானால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வகுத்தியால் (எதால் வகுத்தோமோ அந்த எண்ணால்) பெருக்குங்கள்: 0.4 × 5 = 2.

"எதற்கு வகுக்கிறோம்" என்பது அடுத்தது. 17/5 என்றால் 1/5 அளவுள்ள துண்டு 17 இருக்கிறது என்று படியுங்கள். ஐந்து துண்டு சேர்ந்தால் ஒரு முழு. 17 துண்டில் எத்தனை ஐந்து அடங்கும் என்ற கேள்விக்குத்தான் வகுக்கிறோம். மூன்று ஐந்து, அதாவது 3 முழு. சேராமல் நிற்பது 2 துண்டு. மிட்டாய்க் கணக்கில் மீதி 2 என்பது இரண்டு முழு. இங்கே மீதி 2 என்பது இரண்டு ஐந்திலொரு துண்டு. இரண்டு வழியும் 3 2/5-இல் வந்து சேருகின்றன, ஆனால் "2 என்ன?" என்று கேட்டால் பதில் வேறு. இதைப் பிரித்துச் சொல்லாமல் ஒரே படத்தில் இரண்டையும் காட்டும்போதுதான் பிள்ளை முழிக்கிறது.

26/8: எட்டு துண்டு ஒரு முழு. 26 = 8 × 3 + 2. மீதி 2. இந்த 2 துண்டு 2/8, சுருக்கினால் 1/4. அந்த 1 சுருக்கியதால் வந்த எண், வகுத்ததால் வந்தது அல்ல. முதலிலேயே 13/4 ஆகச் சுருக்கிவிட்டு வகுத்தால் மீதி 1 சரி, ஆனால் அங்கே வகுத்தி 4. வகுத்தியை மாற்றாமல் மீதியை மட்டும் மாற்ற முடியாது.

#3 குறுக்குவழி

இவ்வளவு பெரிய கதை எதுக்கு சார்? வகு. ஈவு முன்னாடி, மீதி மேல, வகுத்தி கீழ. திருப்பறதுக்கு: கீழ் × முழு + மேல், அதே கீழ். 3 2/5 → 5 × 3 + 2 = 17, விடை 17/5. ரெண்டு வரி. பரீட்சைக்கு இது போதும்.

#4 கரும்பலகை

விதி சரிதான். விதியை மட்டும் வைத்திருப்பவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பாருங்கள்.

17/5 = 3 5/2. மீதியும் வகுத்தியும் இடம் மாறிவிட்டன. 5/2 ஒன்றைவிடப் பெரியது, பக்கத்தில் நிற்க அதற்கு அனுமதியே இல்லை என்று தெரிந்திருந்தால் உடனே பிடித்திருக்கலாம்.

17/5 = 2 7/5. கூட்டினால் மதிப்பு சரியாகத்தான் வருகிறது! ஆனால் மீதி வகுத்தியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது. 7 துண்டில் இன்னொரு முழு ஒளிந்திருக்கிறது.

3/5 = 1 2/3. "பெரியதைச் சிறியதால் வகு" என்று பழகிய கை இது. தகு பின்னத்தையும் விடாது. 3 துண்டை வைத்து ஒரு முழுவே தேறாது. ஈவு 0, மீதி 3, விடை 3/5 அப்படியே.

20/5 = 4 0/5. தவறில்லை, ஆனால் 4 என்று நிறுத்தத் தெரிய வேண்டும்.

திருப்பும்போது: 3 2/5-க்கு 3 × 2 + 5 = 11, ஆக 11/5. எதை எதோடு பெருக்குவது என்பது வெறும் ஞாபகமாக இருந்தால் இப்படி நழுவும். "மூன்று முழுவில் எத்தனை ஐந்திலொன்று? பதினைந்து. கூட இரண்டு" என்று வாயால் சொன்னால் நழுவாது.

இதற்கெல்லாம் பொதுவான சோதனை, வகுப்பதற்கு முன்பே விடையை இரண்டு முழுக்களுக்கு நடுவே நிறுத்துவது. 15/5 = 3, 20/5 = 4. 17/5 இவற்றுக்கு நடுவில்தான். 11/5 இரண்டைத் தாண்டி கொஞ்சம்தான், அது 3 2/5 ஆக முடியாது.

#5 சுவடி

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு சிக்கலை யாரும் சொல்லவில்லை. நாம் பின்னத்தைக் கீழிருந்து மேலே படிக்கிறோம். 2/5 என்பது "ஐந்தில் இரண்டு". காதில் முதலில் விழுவது 5, எழுதும்போது முதலில் எழுதுவதும் 5. விளைவு 5/2. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை வகுப்பில் மேலிருந்து கீழே கேட்டுவிட்டு, வீட்டில் பாட்டியிடம் கீழிருந்து மேலே கேட்கிறது. சொல்லி எழுதவைக்கும்போது முதலில் கோட்டைப் போடச் சொல்லுங்கள், "ஐந்தில்" என்றதும் கோட்டுக்குக் கீழே, "இரண்டு" என்றதும் மேலே. ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

அடுத்தது "பகுதி" என்ற சொல். பாடநூலில் தொகுதி மேலே, பகுதி கீழே. பேச்சில் பகுதி என்றால் துண்டு. "ஐந்து பகுதியில் இரண்டு பகுதி" என்று விளக்கிவிட்டு உடனே "பகுதி எது?" என்று கேட்டால் பிள்ளை 2 என்று சொல்வதில் என்ன தவறு? விளக்கும்போது துண்டு, பங்கு என்று சொல்லுங்கள். பகுதி என்பதைக் கீழே உள்ள எண்ணுக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. கலப்பு பின்னம் தமிழ் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டேகால், மூன்றரை, நாலேமுக்கால். நடுவில் வரும் அந்த "ஏ" சேர்த்துச் சொல்லும் "ஏ": இரண்டும் காலும். 2 1/4-க்கு நடுவில் எழுதாமல் விட்ட கூட்டல் குறி அதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 9/4 தெரியாமல் இருக்கலாம், "ஒன்பது கால் என்றால் எவ்வளவு?" என்று கேட்டால் "ரெண்டேகால்" என்று தானே சொல்லும்.

பழைய கீழ்வாய் இலக்கத்தில் (பின்னங்களுக்கான தமிழ்ப் பெயர் வரிசை) கால், அரைக்கால் (1/8), மாகாணி அல்லது வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று இறங்கும். எல்லாம் பாதியும் காலும் ஐந்திலொன்றுமாக வெட்டிய அளவுகள். மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் தனிப்பெயர் கிடையாது. அதனால்தான் 2 1/4 இயல்பாக வாயில் வருகிறது, 2 1/3 வரும்போது "இரண்டும் மூன்றில் ஒன்றும்" என்று நீட்ட வேண்டியிருக்கிறது. காலில் தொடங்கி, பிறகு மூன்றுக்கும் ஐந்துக்கும் போவதே சுலபமான வரிசை என்பது என் கருத்து.

#6 மாம்பலம்_கத்திரி

ஒன்பது கால் = ரெண்டேகால், அருமைங்க. துணிக்கடை பாஷையே அதுதான். அதுலயே ஒரு கணக்கு போடறேன், பெரியவங்களே தப்பு பண்றது.

5 மீட்டர் துணி. ஒரு ரவிக்கைக்கு முக்கால் மீட்டர். எத்தனை ரவிக்கை, எவ்வளவு துணி மிச்சம்?

5 ÷ 3/4 = 5 × 4/3 = 20/3 = 6 2/3. உடனே "6 ரவிக்கை, மிச்சம் 2/3 மீட்டர்"னு எழுதிடறாங்க. ஆறு ரவிக்கைக்கு நாலரை மீட்டர் போச்சு. மிச்சம் அரை மீட்டர். 2/3 மீட்டர்னா ஏறக்குறைய 67 செ.மீ., அது அங்க இல்லவே இல்லை. (பன்னா, அதாவது துணி அகலம், 36 இன்ச்சா 44 இன்ச்சாங்கறது வேற பஞ்சாயத்து, அதை இங்க இழுக்கல.)

#7 கரும்பலகை

இந்த இழைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைக்காது. மூன்று விதமான "மீதி" ஒரே இடத்தில் நிற்கின்றன.

எல்லாவற்றையும் கால் மீட்டராக மாற்றுங்கள். 5 மீட்டர் = 20 கால். ஒரு ரவிக்கைக்கு 3 கால். 20 ÷ 3: ஈவு 6, மீதி 2. இந்த 2 என்பது 2 கால் மீட்டர், அதாவது அரை மீட்டர். 6 2/3-இல் உள்ள 2/3 மீட்டர் அல்ல, ரவிக்கை. மிச்சத் துணி ஒரு ரவிக்கைக்கு வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு. சரிபார்க்க: 3/4-இல் 2/3 பங்கு = 2/3 × 3/4 = 1/2 மீட்டர்.

கலப்பு பின்னத்தில் முழுவுக்கு எந்த அலகோ, பின்னத்துக்கும் அதே அலகு. 6 ரவிக்கை என்றால் 2/3-உம் ரவிக்கைதான். "6 ரவிக்கை 2/3 மீட்டர்" என்று ஒரே எண்ணுக்குள் இரண்டு அலகு குடியிருக்க முடியாது. மீதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அது வெட்டப்பட்ட பொருளின் அலகில் நிற்கும்: 6 ரவிக்கை, மீதி அரை மீட்டர்.

#8 சேப்பாக்கம்_கேலரி

அப்போ ஸ்கோர்போர்டுல போடற 19.4 ஓவர்?

#9 கரும்பலகை

அது தசமமே அல்ல. 118 பந்து ÷ 6 = ஈவு 19, மீதி 4. புள்ளிக்கு இடப்பக்கம் ஈவு, வலப்பக்கம் மீதி. அதனால்தான் 19.5-க்கு அடுத்த பந்தில் 20 ஆகிறது, 19.6 என்று போவதில்லை. எண்ணாக எழுதினால் 19 4/6 = 19 2/3.

#10 சேப்பாக்கம்_கேலரி

நானே போட்டுப் பார்த்தேன். 19.4 ஓவர்ல 177 ரன். அப்படியே 177 ÷ 19.4 தட்டினா 9.12. சரியா போட்டா 177 ÷ 19 2/3 = 177 × 6 ÷ 118 = சரியா 9. பாயிண்ட்ஸ் டேபிள்ல நெட் ரன்ரேட் கணக்கு போடறவங்க இந்தத் தப்பைப் பண்ணினா டீமே இடம் மாறிடும்.

#11 தாம்பரம்_பாஸ்ட்லோக்கல்

நேரமும் அதே ரகம்தான். 200 நிமிஷம் = 3 மணி 20 நிமிஷம். அதை 3.20 மணின்னு எழுதிட்டு வேகம் கண்டுபிடிக்க அப்படியே வகுப்பாங்க. 20 நிமிஷம் மீதி; பின்னமா எழுதினா 20/60 = 1/3; ஆக 3 1/3 மணி நேரம். 150 கி.மீ. தூரம்னா 150 ÷ 3 1/3 = 150 × 3/10 = 45 கி.மீ. வேகம். 3.20-ஆல வகுத்தா 46.875 வரும். வித்தியாசம் சின்னதா இருக்கறதாலதான் யாரும் கண்டுபிடிக்கறதில்ல.

#12 கடைசிபெஞ்ச்

எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு கணக்குக்கு ஒரே ஈவு, ஒரே மீதின்னா அது ரெண்டும் சமம்தானே? 7 ÷ 2 = 3 மீதி 1. 10 ÷ 3 = 3 மீதி 1. அப்போ 7 ÷ 2 = 10 ÷ 3?

#13 கரும்பலகை

நல்ல கேள்வி. 7/2 = 3 1/2, 10/3 = 3 1/3. சமம் இல்லை. "3 மீதி 1" என்பது ஒரு எண் அல்ல, இரண்டு எண்களைக் கொண்ட ஒரு குறிப்பு. எதால் வகுத்தோம் என்பது அதில் இல்லாததால் எண்கோட்டில் அதற்கு இடம் காட்ட முடியாது. 3 1/2-க்குக் காட்டலாம்.

இதனால்தான் 7 ÷ 2 = 3 மீதி 1 என்று சமக்குறி போட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 7 = 2 × 3 + 1 என்று எழுதப் பழக்கினால் பாதிக் குழப்பம் வராது. சரிபார்ப்பும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

#14 குறுக்குவழி

சமக்குறி விஷயம் ஒத்துக்கறேன். ஆனா பெரிய எண் வந்தா ரெண்டு பக்கமும் பூஜ்யத்தை அடிச்சிட்டுப் போடலாம், அது சுலபம். 1700 ÷ 500 → 17 ÷ 5, ஈவு 3 மீதி 2.

#15 அண்ணாநகர்_அப்பா

500 ரூபாய் நோட்டா மாத்தினா 1700-க்கு மூணு நோட்டு போக 200 ரூபாய் இருக்கே? ரெண்டு ரூபாயா மிச்சம்?

#16 கரும்பலகை

பிடித்துவிட்டீர்கள். பூஜ்யத்தை அடித்தது நூறு ரூபாயை ஒன்றாக எண்ணியது போல. மீதி 2 என்பது 2 நூறு. ஈவு மாறாது, 3 2/5-உம் மாறாது, மீதி மட்டும் அடித்த அளவுக்குச் சுருங்கிவிடும். கேள்வி மீதியைக் கேட்டால் அடித்த பூஜ்யங்களைத் திருப்பிப் போட வேண்டும். 26/8-இல் நடந்ததும் இதுவே, அங்கே இரண்டால் சுருங்கியது.

#17 வண்டலூர்_வேன்

வாழ்க்கைக் கணக்குல வகுத்து முடிச்ச பிறகு எதை விடையா எழுதறதுன்னு தெரியாமத்தான் மார்க் போகுது. ஒரே 53 ÷ 12-ஐ எடுத்துக்கறேன். ஈவு 4, மீதி 5, பின்னமா 4 5/12.

53 பிள்ளைங்க வண்டலூர் பூங்காவுக்குப் போகணும், வேனுக்கு 12 பேர். விடை 5 வேன். மீதி 5 பேரை ரோட்டுல விட முடியாது, 5/12 வேனும் வாடகைக்குக் கிடைக்காது.

53 வாழைப்பழம், டஜன் கட்டி விக்கணும். விடை 4 முழு டஜன். மிச்சம் 5 பழம் உதிரி.

53 அடி கயிறு, 12 சம துண்டு. விடை 4 5/12 அடி. அடிக்கு 12 அங்குலம்ங்கறதால அது அப்படியே 4 அடி 5 அங்குலம். டேப்புல அளந்தே காட்டலாம்.

கடிகாரத்துல இப்போ மணி 2. 53 மணி நேரம் கழிச்சு முள் எதுல நிக்கும்? ஈவு வேண்டவே வேண்டாம். மீதி 5 மட்டும் போதும், முள் 7-ல நிக்கும்.

வகுத்தல் ஒண்ணு, விடை நாலு. "அடுத்த முழு எண்ணுக்கு ஏத்து"ன்னு விதி சொல்லிக்கொடுத்தா பழத்துக்கும் 5 டஜன்னு எழுதிட்டு வருவாங்க. வகுத்து முடிச்சதும் "இந்த மீதி என்ன பொருள், அதை உடைக்கலாமா?"ன்னு கேட்கணும். ஆள், முட்டை, வேன் உடையாது. கயிறு, பால், நேரம் உடையும்.

#18 கடைசிபெஞ்ச்

மீதி மட்டும் வேணும்ங்கறதுக்கு காலண்டரும் ஒண்ணு. 365 = 7 × 52 + 1. அந்த மீதி 1-ஆலதான் தேதி வருஷத்துக்கு ஒரு கிழமை தள்ளுது. 2025 ஜனவரி 1 புதன், 2026 ஜனவரி 1 வியாழன். லீப் வருஷத்துல மீதி 2, அதான் 2024-ல திங்களா இருந்தது 2025-ல புதனாச்சு.

#19 கிரவுண்ட்_கணக்கு

மனை வாங்கறவங்களும் தினமும் கலப்பு பின்னம்தான் பேசறாங்க. சென்னைக் கணக்குல 1 கிரவுண்ட் = 2400 சதுர அடி. 3600-ஐ ஒன்றரை கிரவுண்ட்னு சட்டுனு சொல்லிடுவாங்க. 4000-ன்னா? ஈவு 1, மீதி 1600. 1600/2400 = 2/3. அதனால 1 2/3 கிரவுண்ட். மூணுல ரெண்டுக்கு வாயில பேர் இல்லாததால "ஒரு கிரவுண்ட் ஆயிரத்தறுநூறு சதுர அடி"ன்னே சொல்றாங்க, அதாவது ஈவும் மீதியுமாவே. #5-ல சொன்னதுக்கு இது கண்ணெதிர்ல இருக்கற சாட்சி.

#20 அண்ணாநகர்_அப்பா

வகுத்தல் பக்கம் தெளிவாச்சு. கலப்பு பின்னத்தைக் கூட்டிக் கழிக்கும்போது? 5 1/4 − 2 3/4-க்கு 3 2/4ன்னு வருது.

#21 கரும்பலகை

அது "சிறியதைப் பெரியதிலிருந்து கழி" என்ற பழக்கம். 1/4-இலிருந்து 3/4 போகாது என்றதும் கை தானாகவே திருப்பிப் போட்டு 3/4 − 1/4 செய்துவிடுகிறது. 

கடன் வாங்கச் சொன்னாலும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. முழு எண் கழித்தலில் பக்கத்திலிருந்து வாங்கினால் 10 வரும். அதே ஞாபகத்தில் 1/4-ஐ 11/4 ஆக்குவார்கள். இங்கே ஒரு முழுவை உடைத்தால் கிடைப்பது 10 அல்ல, பகுதி எத்தனையோ அத்தனை. 1 = 4/4. ஆகவே 5 1/4 = 4 5/4. பிறகு 4 5/4 − 2 3/4 = 2 2/4 = 2 1/2. வாயால்: அஞ்சேகாலில் ரெண்டேமுக்கால் போனால் ரெண்டரை.

#4-இல் 2 7/5 கூடாது என்றேன். கவனியுங்கள், அதே வடிவத்தைத்தான் இங்கே 4 5/4 என்று வேண்டுமென்றே உருவாக்குகிறோம். விடையில் கூடாது, நடுவழியில் வேண்டும்.

முழு எண்ணிலிருந்து கழிப்பதில் 5 − 2 1/3 = 3 1/3 என்பது அடிக்கடி வருவது. கழிக்க எதிரில் பின்னம் இல்லாததால் 1/3 அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. 5 = 4 3/3 என்று எழுதினால் 2 2/3.

பெருக்கல்தான் இன்னும் மோசம். 2 1/2 × 3 1/2 = 6 1/4 என்பார்கள், முழுவை முழுவோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கி. ஒரு செவ்வகம் வரைந்து நீளத்தை 3 + 1/2, அகலத்தை 2 + 1/2 என்று பிரியுங்கள். நான்கு அறை வரும்: 6, 1, 1 1/2, 1/4. கூட்டினால் 8 3/4. விட்டுப்போனது நடுவில் உள்ள இரண்டு அறைகள். தகா பின்னமாக்கினால் 5/2 × 7/2 = 35/4, அதே 8 3/4. கூட்டல் கழித்தலுக்குக் கலப்பு பின்னமாகவே வைத்துக்கொள்வது வசதி. பெருக்கல் வகுத்தலுக்கு முதலில் தகா பின்னம்.

#22 சுவடி

சிறு குறிப்பு: இயற்கணிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பெருக்கல். 2அ என்றால் 2 × அ. கலப்பு பின்னத்தில் பக்கத்தில் எழுதினால் கூட்டல். ஏழாம் வகுப்பில் 2 1/2-ஐ 2 × 1/2 = 1 என்று படிக்கும் பிள்ளை முட்டாள் இல்லை, புதிய மரபைப் பழைய இடத்தில் போட்டுப் பார்க்கிறது. குறை எண்ணிலும் இந்தக் கூட்டல் குறி கவனிக்கப்பட வேண்டும்: −3 1/2 என்பது −(3 + 1/2). −3-க்கும் −4-க்கும் நடுவில். −3 + 1/2 என்று படித்தால் −2 1/2-இல் போய் நிற்கும்.

#23 தாம்பரம்_பாஸ்ட்லோக்கல்

தட்டச்சுல ஒரு எச்சரிக்கை. 3 2/5-ல இடைவெளி விட்டுப்போனா 32/5, அதாவது 6 2/5. எக்செல்ல 3 2/5ன்னு இடைவெளியோட அடிச்சா பின்னமா எடுத்துக்கும், உள்ளே மதிப்பு 3.4. வெறும் 2/5 அடிச்சா தேதியா மாத்திடும். 0 2/5ன்னு அடிக்கணும்.

#24 அண்ணாநகர்_அப்பா

வீட்டுல கையால செஞ்சு காட்ட என்ன வழி? சப்பாத்தியை அஞ்சா வெட்டினா ஒண்ணும் சமமா வரல.

#25 கரும்பலகை

வட்டத்தை விட்டுவிடுங்கள். அரை, கால் தவிர வட்டம் உதவாது. 20 செ.மீ. நீளக் காகிதக் கீற்று நான்கு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 4 செ.மீ.க்கு ஒரு கோடு, ஐந்து சம துண்டு கிடைக்கும். இடமிருந்து 17 துண்டுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். மூன்று கீற்று நிறையும், நான்காவதில் 2 துண்டு. ஸ்கேலை வைத்தால் வண்ணம் தீட்டிய நீளம் 68 செ.மீ. = 20 × 3 + 8. மீதி 8 செ.மீ., அது ஒரு கீற்றில் 8/20 = 2/5. 

இதில் ஒரு பொறி இருக்கிறது. நான்கு கீற்றையும் ஒட்டினாற்போல் வைத்தால் பிள்ளை மொத்தம் 20 கட்டம் எண்ணி, 17/20 என்று எழுதும். அதுவும் உண்மைதான், நான்கு கீற்றையும் சேர்த்து ஒன்று என்று கொண்டால்! திருத்தாதீர்கள். "எது ஒண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு கீற்றின் மேல் "1" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டால் பிறகு அந்தக் கேள்வி தேவைப்படாது.

எட்டுக்கு 24 செ.மீ. கீற்று, 3 செ.மீ. துண்டு. மூன்றுக்கும் அதே 24, 8 செ.மீ. துண்டு. நான்குக்கும் அதே 24, 6 செ.மீ. துண்டு. ஒரே நீளம் என்பதால் 2/8-உம் 1/4-உம் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதையும் காட்டலாம்.

#26 அண்ணாநகர்_அப்பா

ஸ்கேல், கத்திரி எடுத்தாச்சு. போட்டுப் பார்க்க நாலஞ்சு கணக்கு கொடுங்களேன்.

#27 கரும்பலகை

ஒவ்வொன்றிலும் ஒரு வழுக்கல் வைத்திருக்கிறேன்.

அ) 50 இட்லி வேண்டும். ஒரு ஈட்டுக்கு 12. எத்தனை ஈடு? கடைசி ஈட்டில் எத்தனை இட்லி ஊற்றினால் போதும்?
ஆ) இரண்டரை லிட்டர் பால், 200 மி.லி. டம்ளர். எத்தனை டம்ளர் நிறையும், எவ்வளவு மீதி?
இ) 45/6-ஐக் கலப்பு பின்னமாக்கு. மீதி என்ன?
ஈ) 7 − 3 5/8
உ) ஒரு எண்ணை 8-ஆல் வகுத்தால் 6 3/4 வருகிறது. அந்த எண் எது? ஈவு என்ன, மீதி என்ன?

#28 குறுக்குவழி

அ) 50 = 12 × 4 + 2. அஞ்சு ஈடு, கடைசில 2 இட்லி.
ஆ) 2500 ÷ 200 = 12 1/2. மீதி 1/2 லிட்டர்.
இ) 7 1/2, மீதி 3. (1-ன்னு எழுத மாட்டேன், பழகிட்டேன்.)
ஈ) 6 8/8 − 3 5/8 = 3 3/8.
உ) 8 × 6 + 3 = 51. ஈவு 6, மீதி 3.

#29 மாம்பலம்_கத்திரி

ஆ தப்புங்க. அந்த 1/2, டம்ளர்ல பாதி. 12 டம்ளருக்கு 2400 போச்சு, மீதி 100 மி.லி.தான். அரை லிட்டர்னா இன்னும் ரெண்டரை டம்ளர் ஊத்தலாமே!

#30 கடைசிபெஞ்ச்

உ-வும் இடிக்குது. 51 ÷ 8 = 6 3/8. 3/4 கேட்டிருக்காங்க. வகுத்தி 8-ன்னா முதல்ல 3/4-ஐ 6/8 ஆக்கணும். 8 × 6 + 6 = 54. ஈவு 6, மீதியும் 6.

#31 குறுக்குவழி

ஆமா, 54. கீழ 4 இருக்கும்போது 8-ஆல பெருக்கிட்டேன்.